மதிப்பெண்ணும் நம்பகமும்: கம்பியில்லா உடல்நல சென்சாரில் ஃபஸி கணிதம்

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90. மூச்சு நிமிடத்துக்கு 20. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 96 சதவீதம். உடல் வெப்பம் 38.0 டிகிரி செல்சியஸ். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் அட்டவணையில் இந்த நான்குக்கும் கிடைப்பது பூஜ்யம். இப்போது நான்கையும் ஒரே ஒரு படி நகர்த்திப் பாருங்கள்: 91, 21, 95, 38.1. நாடிக்கு 1, மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, வெப்பத்துக்கு 1, ஆக மொத்தம் 5. அவசரமாக மருத்துவக் கவனம் தேவை என்று அந்த அட்டவணை சொல்லும் எல்லையே 5தான். ரத்த அழுத்தமும் நினைவுநிலையும் இயல்பாக இருப்பதாகவும், நோயாளிக்குத் தனியாக ஆக்சிஜன் கொடுக்கப்படவில்லை என்றும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

அட்டவணையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படுக்கைக்குப் படுக்கை போகும் செவிலியர், கையில் இருக்கும் தாளைப் பார்த்துச் சில நொடிகளில் கூட்டிவிட வேண்டும் என்பதற்காக அமைந்தது அது. அந்த எளிமைதான் அதன் பலம். ஆனால் அதே எல்லைகளை, நொடிக்கு நொடி எண் அனுப்பும் கம்பியில்லா சென்சாரில் அப்படியே ஏற்றினால், எல்லையில் இருக்கும் ஒருவருக்கு மதிப்பெண் 0, 5, 0, 3, 5 என்று ஆடிக்கொண்டே இருக்கும். ஓயாமல் அடிக்கும் எச்சரிக்கை மணியை யாராவது ஒருவர் அணைத்துவிடுவார். அதன் பிறகு உண்மையான ஆபத்து வரும்போது மணி இருக்காது.

என் ஆய்வு ஃபஸி கணிதத்தில், அதாவது ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே உள்ள அளவுகளையும் கணக்கில் எடுக்கும் கணிதத்தில். தாளில் போடும் கணக்கு, உடலில் ஒட்டிய சென்சாரில் எந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்காமல் அதைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அதனால் கருவியையே செய்தேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது ஆய்வுக்கான கருவி. யாருடைய சிகிச்சையையும் இதை நம்பி முடிவு செய்யக் கூடாது.

விரலில் ஒரு முனை, மார்பில் ஒரு முனை, மேசையில் ஒரு ரிசீவர். விரல் முனையில் மேக்ஸ்30102 ஒளி சென்சார் இருக்கிறது. 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, 880 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி, தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கும் டயோடு ஆகிய மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. மார்பு முனையில் எல்ஐஎஸ்3டிஎச் முடுக்கமானி. மார்பு ஏறி இறங்கும்போது அதன் சாய்வு மெதுவாக மாறுகிறது. அந்த மெதுவான அலையை எண்ணினால் மூச்சு வீதம் கிடைத்துவிடுகிறது. நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றால் 0.2 முதல் 0.33 ஹெர்ட்ஸ். மார்பு முனையிலிருந்து அக்குளுக்கு மெல்லிய கம்பியில் மேக்ஸ்30205 வெப்ப சென்சார். 37 முதல் 39 டிகிரி வரையிலான வரம்பில் 0.1 டிகிரி துல்லியம் தருவது. விரல் முனையிலும் இன்னொரு முடுக்கமானியைப் பொருத்தினேன். விரல் அசைகிறதா இல்லையா என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. இரண்டு முனைகளையும் இயக்குவது என்ஆர்எஃப்52832 மைக்ரோகண்ட்ரோலர். புளூடூத் லோ எனர்ஜி அதிலேயே இருக்கிறது.

பேட்டரிக்குச் சிறிய லித்தியம் பாலிமர். சிஆர்2032 நாணய பேட்டரி அளவில் கவர்ச்சியானதுதான். ஆனால் எல்இடியும் ரேடியோவும் ஒரே கணத்தில் மின்னோட்டம் கேட்டால் அதன் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. சராசரிச் செலவு அதிகமில்லை. நொடிக்கு 100 முறை, ஒவ்வொரு முறையும் 411 மைக்ரோநொடி, 7.2 மில்லியாம்பியரில் இரண்டு எல்இடிகளும் எரிந்தால் சராசரி சுமார் 0.6 மில்லியாம்பியர்தான் வருகிறது. கவனிக்க வேண்டியது அந்தக் கணநேர உச்சத்தை.

முதல் தடங்கல் ஒளி சென்சார் போர்டில். சென்சாரும் மைக்ரோகண்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் ஐ2சி பஸ் என்ற கம்பி இணைப்பைத் துழாவினால் பதினாறடிமான 57 என்ற முகவரி ஒரு முறை பதில் சொல்கிறது, அடுத்த முறை அங்கே எதுவுமே இல்லை என்கிறது. கம்பியை அசைத்தால் திரும்ப வருகிறது. இப்படி வந்து வந்து போகும் பழுதைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் சாலிடர் மீதுதான் சந்தேகம் வரும். ஆனால் சாலிடரில் பழுதில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையிலும் சிவப்பு முனையைத் தரவுக் கம்பியிலும் வைத்தால், பஸ் சும்மா இருக்கும் நேரத்தில் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். அது காட்டியது 1.8.

காரணம் எளியது. சில்லுக்கு வேண்டிய 1.8 வோல்ட்டைப் போர்டிலேயே இருக்கும் ஒரு ரெகுலேட்டர் தருகிறது. பஸ்ஸை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களையும் போர்டை வடிவமைத்தவர்கள் அதே 1.8 வோல்ட் தடத்தில் இணைத்துவிட்டார்கள். 3.3 வோல்ட்டில் ஓடும் என்ஆர்எஃப்52832, ஒரு கம்பியை ‘உயர்நிலை’ என்று ஏற்க அதன் 0.7 பங்கு, அதாவது 2.31 வோல்ட்டாவது வேண்டும். 1.8 வோல்ட்டை அது சில நேரம் ஏற்கும், சில நேரம் ஏற்காது. 472 என்று அச்சிட்ட மூன்று குட்டி ரெசிஸ்டர்களையும் கூர்முனை சாலிடரிங் அயர்னால் எடுத்துவிட்டு, வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை 3.3 வோல்ட்டுக்குப் பூட்டினேன். சில்லின் தரவு முனைகள் 3.3 வோல்ட்டைத் தாங்கக்கூடியவை, எனவே இதில் ஆபத்தில்லை. சில போர்டுகளில் 1.8, 3.3 என்று தேர்ந்தெடுக்கச் சாலிடர் பாலம் ஒன்று வைத்திருப்பார்கள். ரெசிஸ்டரில் கை வைக்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது நுட்பமானது. இந்தச் சில்லின் தற்காலிக நினைவகத்தில் 32 மாதிரிகளுக்குத்தான் இடம். நொடிக்கு 100 மாதிரி எடுத்தால் 0.32 நொடியில் நிரம்பிவிடும். ரேடியோ வேலையில் மைக்ரோகண்ட்ரோலர் சற்றுத் தாமதித்தால் சில மாதிரிகள் தொலைந்துபோகும், அலையில் ஒரு துண்டு வெட்டுப்படும். 0.8 நொடியாக இருந்த துடிப்பு இடைவெளி 0.7 ஆகச் சுருங்கினால் போதும். 75 என்ற நாடி 86 ஆகத் தெரியும். எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் 86 என்பதும் நம்பத்தக்க நாடித்துடிப்புதானே. 17 மாதிரிகள் சேர்ந்தவுடன் குறுக்கீட்டு சமிக்ஞை அனுப்பும்படி சில்லை அமைத்தேன். வழிந்து தொலைந்த மாதிரிகளை எண்ணும் பதிவேடு ஒன்றும் அதில் இருக்கிறது. அது பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தவறான எண்ணைக் கொண்டுபோய் ஃபஸி கணிதத்தில் கொட்டினால் அது மழுமழுப்பான தவறான எண்ணாகத் திரும்பி வருமே தவிர, சரியாகிவிடாது.

இனி கணிதம். லோத்ஃபி ஸாதே 1965-இல் வெளியிட்ட கட்டுரையின் கரு இதுதான்: ஒரு கணத்தில், அதாவது தொகுப்பில், ஒன்று இருக்கிறது, இல்லை என்ற இரண்டே விடைகளுக்குப் பதிலாக, 0-க்கும் 1-க்கும் இடையே எந்த அளவிலும் அது அந்தக் கணத்தில் உறுப்பாக இருக்கலாம். பத்தே ஆண்டுகளுக்குள் லண்டனில் எப்ராஹிம் மம்தானி இதை வைத்து ஒரு சிறு நீராவி எஞ்சினைக் கட்டுப்படுத்திக் காட்டினார். நான் செய்வது அவ்வளவு பெரிதல்ல. நாடிக்கு ‘இயல்பு’ என்ற கணம் 85 வரை முழு 1. அங்கிருந்து சரிந்து 100-இல் பூஜ்யம். ‘சற்று உயர்வு’ 85-இல் தொடங்கி 100-இல் 1 ஆகிறது. 90 துடிப்பு என்றால் 5-ஐ 15-ஆல் வகுத்து, ‘சற்று உயர்வு’ 0.33. 91 என்றால் 0.40. பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குத் தாவிய இடத்தில் இப்போது 0.07 மட்டுமே நகர்கிறது. இந்த 0.40-ஐ நாற்பது சதவீத வாய்ப்பு என்று படித்துவிடக் கூடாது. நாடி 91 என்பதில் ஐயமே இல்லை. 91 எவ்வளவு தூரம் ‘உயர்வு’ என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நிகழ்தகவோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களை ஆய்வரங்குகளிலும் பார்க்கிறேன்.

மூச்சுக்குச் சரிவு 18-இலிருந்து 23 வரை, ஆக்சிஜனுக்கு 97-இலிருந்து 94 வரை, வெப்பத்துக்கு 37.5-இலிருந்து 38.5 வரை. கண்ணை மூடிக்கொண்டு இட்ட எல்லைகள் அல்ல. அட்டவணையின் ஒவ்வொரு வெட்டுக்கோடும் ஒரு சரிவுக்குள் வரும்படி அமைத்தவை. ஒவ்வொரு கணத்துக்கும் அட்டவணையின் மதிப்பெண்ணையே கொடுத்து நிறையிட்ட சராசரி எடுத்தால் முதல் நான்கு எண்களுக்கு 0.33, 0.80, 0.33, 0.50, அதாவது மொத்தம் சுமார் 2.0 வருகிறது. ஒரு படி நகர்த்திய நான்குக்கு 0.40, 1.20, 0.67, 0.60, மொத்தம் சுமார் 2.9. அட்டவணையில் 0-இலிருந்து 5-க்குப் பாய்ந்த அதே மாற்றம் இங்கே 2.0-இலிருந்து 2.9-க்குப் போகிறது. அந்த மனிதரின் உடலிலும் அவ்வளவுதான் மாறியிருக்கிறது.

இந்த இடத்தில் பாடப்புத்தக வழியை விட்டு விலகினேன். வழக்கமான ஃபஸி அமைப்பில் எல்லா விதிகளின் விளைவையும் ‘பெரும மதிப்பு’ கொண்டு ஒன்றுசேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் நாடி மட்டும் சற்று உயர்ந்தவரும், நாடி, மூச்சு, வெப்பம் மூன்றும் சற்று உயர்ந்தவரும் ஒரே மாதிரித் தெரிவார்கள். சராசரி எடுத்தால் இன்னும் மோசம்: இயல்பாக இருக்கும் ஆக்சிஜன், உயர்ந்த நாடியின் மதிப்பெண்ணையும் கீழே இழுத்துவிடும். நோய் முற்றும்போது பல அளவுகள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கின்றன என்ற மருத்துவ அனுபவத்தால்தான் அந்த அட்டவணை கூட்டல் முறையில் அமைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வோர் அளவுக்குள்ளும் ஃபஸி, அளவுகளுக்கு இடையே வெறும் கூட்டல் என்று வைத்துக்கொண்டேன். கணித அழகு சற்றுக் குறைவுதான், ஆனாலும் மருத்துவ அறிவு பத்திரமாக இருக்கிறது.

மதிப்பெண்ணைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது நம்பகம். விரலில் வரும் எண் ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு நம்பலாம்? அதற்கும் 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் உறுப்பளவு உண்டு. ஒளியலையில் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதி, மாறாத பகுதியில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறேன், 0.3 சதவீதத்துக்குக் கீழே நம்பகம் 0, 1 சதவீதத்துக்கு மேலே 1, நடுவில் சரிவு. விரல் அசைவுக்கு, முடுக்கத்தின் ஏற்ற இறக்கம் புவியீர்ப்பின் 0.02 பங்குக்குள் இருந்தால் 1, 0.10 பங்கைத் தாண்டினால் 0. இரண்டில் சிறியதே விரலின் நம்பகம். துடிப்புப் பகுதி 0.65 சதவீதமும் அசைவு 0.04-உம் என்றால் 0.5, 0.75 என்று வரும். நான் எடுத்துக்கொள்வது 0.5-ஐ. இங்கே சராசரி கூடாது என்பது என் முடிவு. விரல் அசையாமல் இருப்பது ரத்த ஓட்டக் குறைவை ஈடுசெய்துவிடாது. பலவீனமான கண்ணி எதுவோ அதுதான் கணக்கு.

மதிப்பெண் கையில் இருக்கிறது, நம்பகமும் இருக்கிறது. இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாகக் காட்டலாமே என்று யோசனை வரும். திரையில் ஒரே எண், பார்ப்பவருக்கு எளிது. ஆனால் இந்தக் கருவியில் செய்யவே கூடாத வேலை அதுதான். மதிப்பெண் 6, நம்பகம் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1.8. திரை பச்சையாக இருக்கும். படுக்கையில் கிடப்பவரின் உடல்நிலை மோசமாக, விரல் நுனிக்கு ரத்தம் குறைவாக ஓடுவதால்தான் நம்பகம் 0.3 ஆகியிருக்கக்கூடும். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே சென்சாரும் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைப் பெருக்கல் ‘நலம்’ என்று காட்டிவிடுகிறது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதும் ‘ஆபத்தில்லை’ என்பதும் வேறு வேறு. ஒரு கருவி இரண்டையும் ஒரே எண்ணில் சொன்னால் அது பொய் சொல்கிறது. அதனால் என் ரிசீவர் எப்போதும் இரண்டு எண்களைத் தனித்தனியே காட்டுகிறது. மதிப்பெண் உயர்வு, நம்பகம் உயர்வு என்றால் அழை. மதிப்பெண் உயர்வு, நம்பகம் குறைவு என்றால் உடனே போய்க் கையால் அளந்து பார். மதிப்பெண் குறைவு, நம்பகம் குறைவு என்றால் சென்சாரைச் சரிசெய். அதுவரை அவர் நலம் என்று எழுதாதே.

இந்த நம்பகத்துக்கும் கண்ணுக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் அளக்கும் ஒளி முறை தோலின் நிறத்தால் பாதிக்கப்படுகிறது. ரத்தப் பரிசோதனை ஆக்சிஜன் குறைவைக் காட்டியும் விரல் கருவி அதைத் தவறவிடுவது, அமெரிக்காவில் வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. அலை அழகாக வரும், விரல் அசையாது, நம்பகம் 1 என்று திரை சொல்லும். எண் மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கும். எல்லோருக்கும் ஒரே திசையில் சாயும் பிழை இது என்றுகூடச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஆக்சிஜன் சரிவை 97-இலேயே தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேடியோ பக்கம் வருவோம். ஒளியலையை அப்படியே அனுப்பினால் இரண்டு நிறம், மாதிரிக்கு 3 பைட், நொடிக்கு 100 மாதிரி என்று 600 பைட் ஆகிறது. உறுப்பளவுகளை முனையிலேயே கணக்கிட்டுவிட்டு நொடிக்கு ஒரே பொட்டலம் அனுப்புகிறேன். புளூடூத் லோ எனர்ஜியின் இயல்பான 20 பைட்டுக்குள் அது அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் வரிசை எண் உண்டு. இது மிக அவசியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடலிலுள்ள நீர் நன்றாகவே உறிஞ்சுகிறது. மார்பு முனையை அணிந்தவர் ரிசீவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாலே சமிக்ஞை விழுகிறது. ஆண்டெனா தோலோடு ஒட்டிக் கிடந்தால் அதன் இசைவும் கெடுகிறது. போர்டுக்கும் தோலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் தடிமனில் நுரைப்பஞ்சு வைத்ததும் இணைப்பு வெகுவாகத் தேறியது. செலவில்லாத மாற்றங்களில் இவ்வளவு பலன் தந்தது வேறில்லை.

பொட்டலம் வராத நேரத்தில் கடைசியாக வந்த எண்ணையே திரையில் நிறுத்தி வைப்பது பல கருவிகளின் வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. ‘புதிது’ என்று இன்னொரு கணம் வைத்தேன்: 5 நொடி வரை 1, 30 நொடியில் 0. பத்து நொடி பழைய எண்ணின் புதுமை 0.8. இதுவும் நம்பகத்தின் சிறும மதிப்புக்குள் போய்ச் சேர்கிறது. இணைப்பு அறுந்தால் மதிப்பெண் அப்படியே நிற்கும், நம்பகம் மட்டும் கண்முன்னே இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும்.

சோதனைக்கு, சென்சார் இருக்கும் அதே கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றி மெல்ல இறுக்கினேன். அலையின் உயரம் முதலில் குறைகிறது, நாடி எண் மாறவில்லை, நம்பகம் இறங்கத் தொடங்குகிறது. இன்னும் இறுக்கினால் ஆக்சிஜன் எண் தாறுமாறாகக் குதிக்கிறது. அதற்கு முன்பே நம்பகம் பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிட்டது. இந்த வரிசைதான் எனக்கு வேண்டியது. எண் கெடும் முன் எச்சரிக்கை வர வேண்டும், வந்தது. விரலால் மேசையைத் தட்டினாலும் அப்படியே: தட்டும் வேகம் நாடிக்கு அருகில் இருக்கும்போது சென்சார் தட்டலையே துடிப்பு என்று எண்ணுகிறது, முடுக்கமானி அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தீராமல் இருப்பது பேச்சு. அணிந்தவர் பேசும்போது மூச்சலை சீர்குலைந்து, வீதம் கண்டபடி வருகிறது. மூச்சு இடைவெளிகள் சீராக இல்லாவிட்டால் நம்பகத்தைக் குறைத்துவிடலாம் என்பது எளிய வழி. அதை ஏற்க மாட்டேன். சீரற்ற மூச்சே சில நோய்களின் அடையாளம். அதைச் சென்சாரின் பிழை என்று ஒதுக்கிவிட்டால், எதற்காகக் கருவி கட்டினோமோ அதையே இழந்துவிடுவோம். பேசுகிறாரா என்பதைத் தனியாக அறிய வேண்டும். குரலின் அதிர்வு மார்பெலும்பு வரை வருகிறது. பெரியவர்களின் பேச்சுக் குரலுக்கு அது பெரும்பாலும் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரம்பில் இருக்கும். எல்ஐஎஸ்3டிஎச் உயர் துல்லிய நிலையில் நொடிக்கு 1344 மாதிரி வரை எடுக்கவல்லது. மார்பு முனை இப்போது மெதுவாகத்தான் மாதிரி எடுக்கிறது. இடையிடையே சிறு துணுக்குகளாக அந்த உச்ச வேகத்துக்குப் போய்க் குரலைத் தேடிவிட்டுத் திரும்பும்படி நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி எவ்வளவு கூடுதலாகக் கரைகிறது என்பதைப் பார்த்துத்தான் துணுக்கின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.